அப்பா உடைக்காத சீல்

கர்த்தர் எங்கள் அப்பாவைத் தம்மிடம் அழைத்துக்கொண்டு இந்த ஞாயிற்றுக்கிழமையோடு ஓர் ஆண்டு நிறைகிறது. ஆராதனைக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்கள் எல்லோருக்கும் இளைய மகளின் ஸ்தோத்திரங்கள். மலர் என்றால் மலர் மாதிரி எழுத வேண்டும், யாரையும் குத்தக் கூடாது என்று அக்கா பெங்களூரிலிருந்து நாலு முறை போன் செய்து சொல்லிவிட்டார். நான் எழுதினால் சண்டைக்கு நிற்கிற மாதிரியே இருக்கும் என்பது அவருடைய கவலை. நியாயமான கவலைதான். பன்னிரண்டு வருடமாக எட்டாம் வகுப்புக்குக் கணக்குப் பாடம் எடுக்கிறவள் நான். தப்பைக் கண்டால் சிவப்பு மையில் சுழிக்காமல் என்னால் பக்கத்தைத் திருப்ப முடியாது. அப்பாவுக்கு ஒரு தப்பு நடந்தது. ஒரு டிவிடி பிளேயர் விஷயத்தில் நடந்தது. உங்களில் பலருக்கு அந்தக் கதை பாதி தெரியும், அதுவும் தப்பான பாதி. சரியான பாதியை எழுதத்தான் இந்தப் பக்கங்களைக் கேட்டு வாங்கினேன்.

அப்பா பிறந்தது நாட்றம்பள்ளிக்குத் தெற்கே ஒரு சிறிய ஊரில். சொந்த நிலம் கிடையாது. அடுத்தவர் கடலைக்கொல்லையில் கூலி வேலை செய்த குடும்பம். எட்டு வயதில் தகப்பனாரை இழந்தார். மிஷன் பள்ளியில் எட்டாவது வரை படித்துவிட்டு, பதினைந்து வயதில் ஆம்பூருக்கு வந்து, தோல் பதனிடும் ஒரு டேனரியில் சுண்ணாம்புத் தொட்டி வேலைக்குச் சேர்ந்தார். தோலிலிருந்து முடியைப் போக்க ஊறப்போடும் தொட்டி அது. அதில் இறங்கி மிதித்ததில் முதல் வருடமே கால் நகங்கள் மூன்று போய்விட்டன. அதைப் பற்றி அவர் குறைப்பட்டு நாங்கள் கேட்டதில்லை. செருப்பைக் கழற்றும்போது மட்டும் காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொள்வார்.

ஏழெட்டு வருடத்துக்குப் பிறகு அவருடைய விரல்களோடு தோல் பேசுகிறது என்பதைக் கண்டுகொண்டு, தரம் பிரிக்கும் மேஜைக்கு மாற்றினார்கள். பதனிட்டு முடிந்த தோலை ஜன்னல் வெளிச்சத்தில் விரித்து, உள்ளங்கையால் ஒரு தடவு தடவுவார். உண்ணி கடித்த தழும்பு, கத்தி பட்ட கீறல், கழுத்துச் சுருக்கம் எல்லாம் அந்த ஒரே தடவலில் தெரிந்துவிடும். பின்பக்கத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று தரத்தின் சீலைக் குத்துவார். சீல் விழுந்தால் பேச்சு முடிந்தது. முதலாளியே ஆனாலும் அதற்கு மேல் வாய் திறக்க முடியாது.

ஒரு முறை, கப்பலுக்கு அனுப்பும் அவசரத்தில், முதலாளி வீட்டு மருமகன் மூன்றாம் தரச் சீலை இரண்டாக மாற்றிக் குத்தச் சொன்னார். அப்பா மறுத்தார். "நான் குத்துன சீலை நானே மாத்துனா, நாளைக்கு என் சீலை எவன் மதிப்பான்?" என்று கேட்டாராம். ஐந்து மாதம் அவரைக் கோடவுனில் உப்பு மூட்டை அடுக்க வைத்தார்கள். அடுக்கினார். பிறகு வாங்குகிற கம்பெனி அவருடைய சீல்தான் வேண்டும் என்று கேட்டதால், அதே மருமகன் வந்து கூப்பிட்டார். அப்பா போய் மேஜையைத் துடைத்தார்.

அந்தத் தொழிலில் இன்னொரு வழக்கம் உண்டு. இந்தக் கதையே அதில்தான் நிற்கிறது என்பதால் சொல்லிவிடுகிறேன். சீல் வைத்து அனுப்பிய தோல்கட்டின் தரம் சரியில்லை என்று தகராறு வந்தால், அந்தக் கட்டை யாரும் தனியாக அவிழ்க்கக் கூடாது. விற்றவன் தரப்பில் ஒருவர், வாங்கியவன் தரப்பில் ஒருவர், இரண்டு பேரும் நிற்கும்போதுதான் கயிற்றை அறுப்பார்கள். தனியாக அவிழ்த்தவன் சொல்லுக்கு அதன் பிறகு மதிப்பில்லை. அப்பா இதை வேதவாக்கியம் போலச் சொல்வார்.

அம்மா வேலூரில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். தண்ணீர் கெடுகிறது என்ற வழக்கில் டேனரிகள் மூடிக் கிடந்த மாதங்களில் எங்கள் வீட்டு அடுப்பு அம்மாவின் சம்பளத்தில்தான் எரிந்தது. அதற்கு அடுத்த வருடம் அக்காவின் கல்யாணம். நாலு வருடம் கழித்து அம்மா போய்விட்டார்கள். காலையில் டியூட்டிக்குப் போனவர்கள், தாம் வேலை பார்த்த வார்டிலேயே படுத்து, மூன்றாம் நாள் கண் மூடினார்கள்.

அம்மாவின் போட்டோக்கள் நிறைய இருக்கின்றன. குரல் இருந்தது ஒரே இடத்தில்தான், அக்காவின் கல்யாண வீடியோவில். அதில் அம்மா வருவது மொத்தம் நாலு நிமிடம் இருக்கும். சபை மண்டபத்தில் பந்தி நடக்கிறது. அம்மா வடைத் தட்டைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். கேமரா முகத்துக்கு நேராக வந்ததும், "என்னை இன்னாத்துக்குப்பா எடுக்கிற, போய் பொண்ணு மாப்பிள்ளைய எடு" என்று வீடியோக்காரரை விரட்டுகிறார்கள். அப்புறம் அவருடைய தோளுக்கு மேலாகப் பார்த்து, "ஏங்க, சாப்ட்டீங்களா?" என்று கேட்கிறார்கள். கேட்டது அப்பாவிடம். அதற்குள் கேமரா மேடைக்குத் திரும்பிவிடுகிறது. சம்பந்தி வீட்டாரைக் கவனிக்கும் மும்முரத்தில் அன்றைக்குத் தான் பதில் சொல்லவில்லை என்று அப்பா எங்களிடம் சொல்லியிருக்கிறார்.

அந்த வீடியோ கேசட்டில் பூஞ்சை பிடித்துவிட்டது. அப்பா அதை வேலூரில் ஒரு ஸ்டூடியோவில் கொடுத்து டிஸ்க்காக மாற்றினார். மாற்றி முடித்த கையோடு கேசட் நாடா அறுந்தது. மிஞ்சியது ஒரே ஒரு டிஸ்க். அதைப் பார்ப்பதற்காகவே ஒரு டிவிடி பிளேயர் வாங்கினார். சுனாமி வந்த வருடத்தின் ஜனவரி அது. வேலூரில் பெரிய போர்டு வைத்த ஒரு கடை. புதுப் பெட்டி, புது அட்டை, ஒரு வருட வாரண்டி. பிளேயரின் பின்னால், மூடி சேரும் இடத்தில், கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு சீல் ஒட்டியிருந்தது. பிரித்தால் வாரண்டி செல்லாது என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, நல்ல பழக்கம் என்றார்.

எங்கள் தெருவில் அப்போது வீட்டுக்கு வீடு பிளேயர் வந்துவிட்டது, ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம். ஒரு வீட்டில் தலையில் தட்டினால்தான் ஓடும். ஒரு வீட்டில் டிஸ்க்கைப் புடவைத் தலைப்பால் துடைத்தால்தான் படிக்கும். எங்களுடையது மட்டும் தங்கமாக ஓடியது. அப்பா அதற்குத் துண்டுத் தோலில் அளவெடுத்து ஓர் உறை தைத்தார். எங்கள் வீட்டில் உறை போடாத பொருள் கிடையாது. ரேடியோ, டார்ச், பைபிள், என் ஜாமெட்ரி பாக்ஸ் எல்லாவற்றுக்கும் தோல் சட்டை உண்டு. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, சாப்பிட்டு, உறையைக் கழற்றி டிஸ்க்கைப் போடுவார். அம்மா, "ஏங்க, சாப்ட்டீங்களா?" என்பார்கள். அப்பா நாற்காலியிலிருந்து, "ஆச்சு, ஆச்சு" என்பார். அணைத்துவிட்டுப் படுத்துவிடுவார். நாலு நிமிடத்துக்கு மேல் அவர் பார்த்ததில்லை. அக்காவுக்குத் தாலி கட்டுவதைக்கூடப் பார்த்ததில்லை.

இன்னொரு காப்பி போட்டு வைக்க வேண்டும் என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். பள்ளியில் கம்ப்யூட்டர் ஆசிரியரிடம் கொடுத்துப் போட்டுத் தருவதாகச் சொன்னதும் நான்தான். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளியதும் நான்தான். இதை எழுதாமல் மற்றவர்களை மட்டும் சுழித்தால் அது நேர்மையாகாது.

ஏழாவது மாதம் ஒரு ஞாயிறு, டிஸ்க் உள்ளே போனது, ஓடவில்லை. வெளியேயும் வரவில்லை. பட்டனை அழுத்தினால் உள்ளே கரகரவென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மறுநாள் நான் லீவு போட்டு, அப்பா பெட்டியை மடியில் வைத்துக்கொள்ள, இருவரும் பஸ்ஸில் வேலூருக்குப் போனோம்.

கடையை ஒட்டியே, பிளேயரைச் செய்த கம்பெனியின் சர்வீஸ் சென்டர். முதலில், ஸ்டூடியோவில் போட்ட டிஸ்க் எல்லாம் லோக்கல், அதனால்தான் மாட்டியது என்றார்கள். அடுத்து, தோல் உறையைத் தூக்கிக் காட்டி, இப்படிச் சட்டை போட்டால் சூடாகாமல் என்ன செய்யும் என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். ஓடும்போது உறை போடுவதில்லை என்று அப்பா பொறுமையாகச் சொன்னார். யாரும் காதில் வாங்கவில்லை. பிறகு டை கட்டிய ஒருவர் பெட்டியைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார்.

"சீலுக்குப் பக்கத்துல பழைய பசை இருக்கு பெரியவரே. நீங்களே தொறந்து பாத்துட்டு திரும்ப ஒட்டியிருக்கீங்க. வாரண்டி கிடையாது."

"நான் தொறக்கல" என்றார் அப்பா.

"எல்லாரும் இதத்தான் சொல்வாங்க."

நான் கத்தினேன். அப்பா என் கையைப் பிடித்து நிறுத்தினார். முப்பத்தைந்து வருடம் சீல் குத்திய கை அது. பெட்டியை விட்டுவிட்டுப் போனால் திறந்து பார்ப்பார்களாம், ஆனால் உள்ளே இருக்கும் டிஸ்க்குக்குப் பொறுப்பில்லையாம், அதற்கு ஒரு தாளில் கையெழுத்தும் போட வேண்டுமாம். தானே திறந்ததாக அந்தத் தாளில் அச்சடித்திருந்தது. அப்பா அதை என்னிடம் கொடுத்து இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டார்.

எங்கள் தெருவில் டிவி ரிப்பேர் செய்யும் சலீம் பாய் அப்பாவுக்குத் தோஸ்த். அன்று சாயங்காலமே ஸ்க்ரூ டிரைவரோடு வந்துவிட்டார். "அண்ணே, ரெண்டு நிமிஷ வேலை. டிஸ்க்க எடுத்துக் கையில குடுத்துடறேன். இதுக்குப் போய் இன்னாத்துக்குப் பேஜாரு?" என்றார்.

அப்பா மறுத்துவிட்டார். "தொறந்துட்டா அவன் சொன்னது நெஜமாயிடும் பாய். கம்பெனிக்கு எழுதறேன். அவங்க ஆள் ஒருத்தன் வரட்டும், நம்ம பக்கம் நீ நில்லு. ரெண்டு பேர் கண்ணு முன்னாடி தொறப்போம்."

டேனரி வழக்கத்தை டிவிடி கம்பெனி மேல் வைத்தார். அதுதான் அவர் செய்த ஒரே பிழை. தோல் வியாபாரத்தில் எந்த ஊர்க்காரனும், எந்தக் கடல் தாண்டியவனும், தகராறு என்றால் ஆள் அனுப்புவான். இவர்களும் அனுப்புவார்கள் என்று நம்பினார். சென்னை ஆபீசுக்குக் கடிதம் எழுதினார். கார்பன் வைத்து, கோடு போட்ட தாளில், 'தங்கள் தரப்பில் ஒருவரை அனுப்பிவைக்கவும், போக்குவரத்து வசதிக்கு ஆம்பூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து நானே அழைத்து வருகிறேன்' என்று எழுதினார். பதில் இல்லை. மறுபடி எழுதினார். வாரண்டி முடிந்தது. எழுதினார். பதினோரு கார்பன் பிரதிகள் அவருடைய டிரங்குப் பெட்டியில் இருந்தன. பதினோராவதிலும் எழுத்து கோணவில்லை, மரியாதை குறையவில்லை.

இப்போது உங்களிடம் வருகிறேன். நம் குடும்பத்துக் கல்யாணம் ஒன்றில், சாப்பாட்டு மேஜையில், ஒருவர் இதைச் சொல்லிச் சிரித்தார். வயதான மனுஷன், கை அரித்திருக்கும், திறந்துதான் பார்த்திருப்பார், இப்போது ஒத்துக்கொள்ள வெட்கம் என்றார். பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். அப்பா அடுத்த வரிசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இலையை மூடிவிட்டு எழுந்து போனதைச் சிரித்தவர்கள் பார்க்கவில்லை, நான் பார்த்தேன். பெயர் எழுத மாட்டேன். இந்த மலர் அவர் கையிலும் இருக்கும்.

அவரைச் சொல்லி என்ன பயன்? மூன்றாவது வருடம் ஒருநாள் நானும் கேட்டேன். பள்ளியில் ஏதோ எரிச்சல், வீட்டுக்கு வந்தால் மேஜை மேல் அந்த ஊமைப் பெட்டி. "உண்மையச் சொல்லுங்கப்பா, அன்னைக்கு நீங்க தொறந்தீங்களா? தொறந்திருந்தாலும் பரவாயில்ல, இப்ப டிஸ்க்க எடுத்துடலாம்" என்றேன்.

அப்பா என்னைப் பார்த்தார். "நீயுமா?" என்று கேட்டார். ஒரு வாரம் என்னிடம் பேசவில்லை. எட்டாவது நாள் வழக்கம்போல, டிபன் பாக்ஸ் எடுத்துக்கொண்டாயா என்று கேட்டார். நானும் வழக்கம்போலப் பதில் சொன்னேன். மன்னிப்புக் கேட்கவில்லை. அவர் ஞாயிறுதோறும் சாப்பாட்டுக்குப் பிறகு அந்தப் பெட்டியைத் துடைப்பதை மட்டும் நிறுத்தவில்லை. உறையை அதன் பிறகு போடவே இல்லை.

போன வருடம் சிறுநீரகம் கெட்டு, அம்மா வேலை பார்த்த அதே மருத்துவமனையில் பத்தொன்பது நாள் இருந்தார். கடைசி மூன்று நாள் நினைவு வந்து வந்து போனது. ஒரு மதியம் கண்ணைத் திறந்து, "கம்பெனிக்காரன் வந்தானா?" என்று கேட்டார்.

"வந்துட்டே இருக்காங்கப்பா" என்றேன்.

"பாயைக் கூப்பிட்டு வை" என்றார். அப்பா என்னிடம் தெளிவாகப் பேசிய கடைசி வார்த்தை அது. வாழ்நாளில் பொய் சொல்லாத மனிதருக்கு நான் கடைசியாகக் கொடுத்தது ஒரு பொய்.

முப்பதாம் நாள் ஜெபம் முடிந்த மறுநாள் காலையில் பெட்டியைத் திறந்தோம். அப்பாவின் வழக்கப்படி இரண்டு தரப்பு வேண்டுமே என்று, போதகரைக் கம்பெனி தரப்பில் நிற்கச் சொன்னேன். அவர் தயங்கினார், பிறகு நின்றார். நம் தரப்பில் அக்காவும் நானும். சலீம் பாய் பிளேடால் சீலைக் கீறினார். அது உரிந்து வந்தபோது அதற்கு அடியில் இன்னொரு சீல் தெரிந்தது. அது ஏற்கெனவே பாதியில் அறுபட்டிருந்தது. அதன் பழைய பசைதான் ஓரத்தில் தெரிந்திருக்கிறது.

மூடியைக் கழற்றினார். தகட்டின் உள்பக்கத்தில் அந்த சர்வீஸ் சென்டரின் சீட்டு ஒட்டியிருந்தது. குடியாத்தத்தைச் சேர்ந்த யாரோ ஒருவருடைய பெயர். அப்பா வாங்கியதற்கு மூன்று மாதம் முந்திய தேதி. புகார் என்ற இடத்தில் ஆங்கிலத்தில் எழுதியிருந்ததை நான் சத்தமாக வாசித்தேன்: 'டிஸ்க் உள்ளே மாட்டிக்கொள்கிறது.'

வேறொருவர் திருப்பிக் கொடுத்த பழுதுப் பெட்டி அது. அவர்களே திறந்தார்கள், அவர்களே மேலே புதுச் சீலை ஒட்டினார்கள், புது அட்டையில் வைத்து அப்பாவுக்கு விற்றார்கள். தாங்கள் விட்ட பசையைக் காட்டி, திறந்தது நீதான் என்று அவரிடமே சொன்னார்கள். தான் பொய்யன் இல்லை என்பதற்கு அப்பா ஐந்து வருடம் காத்துவந்த அந்தச் சீல்தான் பொய்.

சலீம் பாய் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். "அண்ணன் ஒரு வார்த்த சரின்னிருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும்மா" என்றார். அவர் கண் கலங்கியதை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

சீட்டை எடுத்துக்கொண்டு மறுநாளே வேலூருக்குப் போனேன். சர்வீஸ் சென்டரை எப்போதோ மூடிவிட்டார்கள். கடையில் இப்போது செல்போன் விற்கிறார்கள். டை கட்டிய அதே ஆள், தலை கொஞ்சம் நரைத்து, கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். சீட்டை அவர் முன்னால் வைத்து நடந்ததைச் சொன்னேன். அவருக்கு அப்பாவை நினைவில்லை. சீட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இப்ப யாரு மேடம் டிவிடி பாக்கறாங்க?" என்றார்.

அந்த இடத்தில் நான் பேசியதை இந்த மலரில் அச்சிட அக்கா சம்மதிக்கவில்லை.

நினைவு மலரில் நன்றி சொல்லி முடிப்பது முறை. கடைசி நாட்களில் இரவும் பகலும் பார்த்துக்கொண்ட, அம்மாவை அறிந்த நர்ஸ் சகோதரிகளுக்கு நன்றி. அடக்க ஆராதனையை நடத்தித் தந்த போதகருக்கும் சபையாருக்கும், அன்றைக்குக் கம்பெனி தரப்பில் நிற்கச் சம்மதித்ததற்காகப் போதகருக்கு இன்னொரு முறையும் நன்றி. வேலையை நிறுத்திவிட்டு வந்து அப்பாவைத் தூக்கிச் சென்ற டேனரி நண்பர்களுக்கு நன்றி. ஐந்து வருடம் ஸ்க்ரூ டிரைவரைப் பையில் வைத்துக்கொண்டு, நண்பரின் சொல்லுக்காக அதைத் தொடாமல் இருந்த சலீம் பாய்க்குச் சொல்ல நன்றி என்ற வார்த்தை போதாது. மன்னிப்புக் கேட்க வேண்டியவர்கள் இருவர். ஒருவர் அந்தக் கடைக்காரர், அவர் கேட்க மாட்டார். இன்னொருவர் நான். அப்பா, நீங்கள் திறக்கவில்லை. நான் கேட்டிருக்கக் கூடாது.

டிஸ்க்கில் ஒரு கீறல்கூட இல்லை. பெட்டியைத் திறந்த அன்று காலையிலேயே சலீம் பாய் தம் கடைப் பிளேயரைக் கொண்டுவந்து போட்டார். அம்மா வடைத் தட்டோடு வந்தார்கள். வீடியோக்காரரை விரட்டினார்கள். "ஏங்க, சாப்ட்டீங்களா?" என்றார்கள். நாற்காலி காலியாக இருந்தது. அக்கா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். ஐந்து வருடம் இந்தக் கேள்வி ஒரு நகமளவு காகிதத்துக்குப் பின்னால் கிடந்தது. எங்களில் ஒருவருக்கும் பதில் சொல்ல வாய் வரவில்லை.

இந்த முறை நான் அடுத்த வாரம் என்று தள்ளவில்லை. இந்த மலரின் பின் அட்டையில் உள்ள பையில் ஆளுக்கு ஒரு டிஸ்க் வைத்திருக்கிறோம். அம்மாவின் நாலு நிமிடம் அதில் இருக்கிறது. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுப் போட்டுப் பாருங்கள். அம்மா கேட்கும்போது அப்பாவுக்காக நீங்கள் பதில் சொல்லுங்கள். பையின் மேல் சீல் எதுவும் ஒட்டவில்லை.